பல்லுப் பூதத்தின் கழுத்து

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. பயப்பட வேண்டாம், முழங்கை அளவுதான். உருக்குத் தகடுகளும் கம்பிகளும் குண்டுகளும் சேர்த்துச் செய்தது. இரண்டு கால், இரண்டு கை, நீண்ட வால். மண்டை மட்டும் மரத்தில் செதுக்கி வர்ணம் பூசியது, முதலைக்கும் தவளைக்கும் நடுவில் ஒரு முகம். ஒரு காலத்தில் இது ஒரு பற்பொடி விளம்பரத்தில் பல்லை அரிக்கும் பூதமாக நடித்தது. அதைப் பார்த்துப் பயந்து பல் தீட்டிய பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பல் தீட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

எலும்புக்கூட்டைச் செய்தவர் என் கணவர். அதன் முகத்துக்கு வர்ணம் பூசி, அதை அசைத்துப் படம் எடுத்தவள் நான். அதற்குத் தோல் தைத்தவர் அவருடைய அக்கா, அதாவது என் மச்சாள். கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. மச்சாள் இப்போதும் என்னோடுதான் இருக்கிறார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டு பக்கமும் எழும்பிவிட்ட மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, அதே பழைய வீட்டில் நாங்கள் இரண்டு கிழவிகளும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம்.

போன மாதம் கொள்ளுப்பிட்டியில் உள்ள ஒரு கண்காட்சிக் கூடத்திலிருந்து ஒரு இளம் பெண் தொலைபேசியில் கதைத்தாள். பழைய விளம்பரப் படங்களுக்கு உதவிய பொருட்களை வைத்துக் கண்காட்சி போடுகிறார்களாம். பூதம் வேண்டுமாம்.

"அதை நிக்க வைக்க ஏலுமா அன்ரி? படுத்துக் கிடந்தா ஒரு மாதிரி இருக்கும்."

எடுத்துப் பார்த்தேன். கடல் காற்று தன் வேலையைச் செய்திருந்தது. ஒரு முழங்கால் இறுகி மடங்க மறுத்தது. இடுப்புத் தகடுகளின் ஓரமெல்லாம் துரு. தொலைபேசியில் அப்படியே சொன்னேன்.

"அதுக்கென்ன அன்ரி, கொஞ்சம் ஒயில் ஸ்ப்ரே அடிச்சா எல்லாம் லூசாகிடும்" என்றாள்.

"பிள்ளை, அந்தக் கதை மட்டும் இந்த வீட்டில வேண்டாம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். எதிரே கதிரையில் இருந்த மச்சாள் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர் ஏன் முகத்தை மறைத்தார் என்று சொல்வதற்கு முன்னால், இந்தப் பூதம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். பொம்மையை மயிரிழை அளவு அசைக்க வேண்டும், கையை எடுத்துவிட்டு ஒரு படம் பிடிக்க வேண்டும். மறுபடி மயிரிழை, மறுபடி ஒரு படம். இப்படி எடுத்த படங்களை வேகமாக ஓட்டினால் பொம்மை நடக்கும். ஒரு பகல் முழுக்க முறிந்து வேலை செய்தால் நாலு எட்டு வைக்கும். ஆகவே எலும்புக்கூட்டின் மூட்டு நாம் தள்ளினால் அசைய வேண்டும், விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். உலகத்தில் மற்ற எல்லா இரும்பு மூட்டுக்கும், கேற்றுக்கும் ஃபானுக்கும் தையல் மெஷினுக்கும், உரசல் எதிரி. இதற்கு உரசல்தான் உயிர்.

என் கணவர் கொட்டாஞ்சேனையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். அச்சு இயந்திரங்களுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் இடம். வேலை முடிந்த பிறகு முதலாளி லேத்தை அவரிடம் விட்டுவிடுவார். பஞ்சிகாவத்தையில் பழைய பெயாரிங்குகளை வாங்கி உடைத்து, உள்ளே இருக்கும் குண்டுகளை எடுத்துக்கொண்டு வருவார். அந்தக் குண்டில் லேசில் துளை போட முடியாது. துளைப்பான்தான் உடையும். முதலில் அதைக் கரி நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, தானாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் முன்னை விடக் கெட்டியாகிவிடும். ஆறி இளகிய குண்டில் துளை போட்டு, கம்பியைச் செருகி, செட்டியார் தெருவில் தனக்குத் தெரிந்த பத்தரிடம் கொண்டுபோவார். தாலிக்கொடிக்கு ஊதுகிற அதே குழலால் பத்தர் பூதத்தின் தொடையைப் பற்றவைத்துக் கொடுப்பார். "கலியாணம் எப்ப?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பாராம். என் கணவரும் ஒவ்வொரு முறையும் சிரிப்பாராம்.

இரண்டு குண்டுகளை இரண்டு தகடுகளுக்கு இடையில் வைத்து, நடுவில் ஒரு திருகு. அதுதான் மூட்டு. திருகின் தலையில் உள்ள ஆறுமூலைக் குழியில் அலன் கீயை விட்டு எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடுப்பு எல்லாவற்றையும் விட இறுக்கமாக இருக்க வேண்டும், முழங்கால் அதை விடக் கொஞ்சம் குறைவாக, விரல் இன்னும் குறைவாக. இல்லாவிட்டால் விரலை அசைக்கப் போய் முழு உடம்பும் திரும்பிவிடும். இதெல்லாம் எந்த ஊரிலும் இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு மட்டும் இன்னொரு தொல்லை இருந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை. ரயில் போனால் எங்கள் முன்னறைத் தரை நடுங்கும், மேசை நடுங்கும், மேசையில் சாந்தால் செய்து வைத்திருந்த பெரிய பல் வரிசை நடுங்கும். பூதத்தின் பாதத்தை மேசைக்குக் கீழிருந்து திருகால் பிடித்திருந்தாலும் மேல் உடம்பு தளரும். அதனால் என் கணவர் ஒரு வழி வைத்திருந்தார். பூதத்தை ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருப்பார். ரயில் போன பிறகும் அது அசையாமல் நின்றால்தான் அலன் கீயைக் கீழே வைப்பார்.

"கோச்சிக்கு நிண்டா, எதுக்கும் நிக்கும்" என்பார். மனிதர் அதிகம் கதைக்க மாட்டார். தன் திருகுகளைப் பற்றி மட்டும் இப்படி ஒரு பெருமை.

மச்சாள் தைத்த தோல் பச்சை நிறத்தில் இழுபடும் மெல்லிய துணி. முதுகு நெடுகக் கொளுக்கிகள். மற்றவர்கள் றப்பரில் தோல் வார்ப்பார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. துணியில் ஒரு நன்மையும் இருந்தது. மாலையில் கழற்றிவிட்டு, கடல் ஈரம் பிடிக்காமல் எலும்புக்கூட்டைத் துடைத்து வைக்கலாம். பூதத்துக்கு உடுப்புக் கழற்றி உடுப்புப் போடுவது மச்சாளின் வேலை. கலியாணம் செய்யாதவர், பாடசாலைச் சீருடைகள் தைப்பவர், குழந்தைக்குச் செய்கிற மாதிரித்தான் செய்வார்.

படம் பாதியில் இருந்தபோது நவராத்திரி வந்தது. ஆயுத பூசை அன்று எங்கள் வீட்டில் எந்தக் கருவியும் வேலை செய்யாது. கணவர் பட்டறைப் பூசைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போக, நானும் கூடப் போனேன். வீட்டில் மச்சாள் எல்லாவற்றையும் எடுத்துக் கூடத்தில் பரப்பினார். தையல் மெஷின், கத்தரிக்கோல்கள், அலன் கீ, அரம், என் கமரா. எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தார். நடுவில் பூதம், உடுப்பில்லாமல். அதற்கு மட்டும் குறை வைப்பாரா? தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியின் நீண்ட மூக்கை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துத் துளித் துளியாக விட்டார். தம்பியின் கைவேலை அல்லவா, மற்ற எல்லாவற்றையும் விடக் கூடுதலாகவே விட்டார். மாலையில் நாங்கள் வந்தபோது பூதத்துக்கு உடுப்பும் போட்டாகிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று பெரிய காட்சியைத் தொடங்கினோம். பூதம் பல்லின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, வெற்றியோடு வாயைத் திறக்க வேண்டும். காலைத் தூக்கி வைத்துச் சில படங்கள் எடுத்தேன். ரயில் வந்தது. பூதம் மெல்ல முழங்காலை மடக்கி, இடுப்பைத் தளர்த்தி, களைத்துப்போன ஆள் பஸ் தரிப்பில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டது. பிறகு முகம் குப்புற விழுந்தது.

கணவர் கொளுக்கிகளைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே எல்லாம் பளபளவென்று மின்னியது.

"அக்கா, எண்ணெய் போட்டனீங்களோ?"

"ஓம் தம்பி, வடிவாப் போட்டனான். ஒரு மூட்டும் விடேல்லை."

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அடுத்த கணத்தில் அது போனதையும் மறக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. யாரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தீபாவளிக்கு முன் விளம்பரத்தைக் கொடுக்க வேண்டும் என்று என் விளம்பரக் கம்பனி ஒஃபிஸில் நெருக்கினார்கள். நான் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போன நேரத்தில் கணவர் லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மறுபடி இறுக்கினார். மச்சாள் பக்கத்தில் இருந்து திருகுகளைத் தேத்தண்ணீர்க் கோப்பைப் பீரிசில் ஏந்திக்கொண்டிருந்தாராம். நான் மறுபடி கை வைத்தபோது பூதம் முன்பு போலவே கல் மாதிரி நின்றது. கழுத்து மட்டும் நிற்கவில்லை. தலையை நிமிர்த்திவிட்டால் மெல்ல மெல்ல இறங்கியது.

"கழுத்து இறங்குதே" என்றேன்.

"அது இருக்கட்டும்."

"ஏன் இருக்கட்டும்? இறுக்குங்கோவன்."

"திருகு தேஞ்சுபோச்சு. கை வைச்சா உடைஞ்சிடும். நீர் சமாளியும்."

சமாளித்தேன். தலையை நிமிர்த்தி, பாய்ந்து விலகி, அது இறங்க முன் பொத்தானை அழுத்துவேன். எவ்வளவு பாய்ந்தாலும் கொஞ்சம் இறங்கிவிடும். அவரையும் திட்டினேன், திருகையும் திட்டினேன். ஓட்டிப் பார்த்தபோது, திமிரோடு திரிய வேண்டிய பூதம் ஒவ்வொரு எட்டுக்கும் தலையைத் தொங்கப்போட்டு, வீட்டில் பேச்சு வாங்கின பிள்ளை மாதிரி நடந்தது. பற்பொடிக்காரர் ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகுதான் சிரித்தார். விளம்பரம் வந்த பிறகு பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பஸ்ஸில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து அப்படித் தலையை இறக்கிக் காட்டுவதை நானே கண்டிருக்கிறேன். ஒஃபிஸில் எனக்கு நல்ல பெயர். பூதத்துக்கு நடிப்பு வரவைத்துவிட்டேன் என்றார்கள்.

எனக்குத் தெரியுமே அது நடிப்பு இல்லையென்று. அதனால் தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போதெல்லாம், விருந்தாளிகள் இருந்தால் கூடுதலாக, "பாருங்கோ, அந்தக் கழுத்து, திருகு தேஞ்ச கழுத்து" என்று கதையைத் தொடங்குவேன். மச்சாள் எழுந்து குசினிக்குப் போவார். தேத்தண்ணீர் போடப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். சில நேரம் தேத்தண்ணீரும் வரும். அந்த வருடத்துக்குப் பிறகு ஆயுத பூசைக்கு அவர் கருவிகளுக்கு எண்ணெய் போட்டதில்லை, பொட்டு வைத்ததும் இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பூ வைப்பார், அவ்வளவுதான்.

துணித் தோல் எப்போதோ இத்துப்போய்விட்டது. எலும்புக்கூடு மிஞ்சியது. அதைக் கண்காட்சியில் நிற்க வைக்க வேண்டுமென்றால் எல்லா மூட்டுகளையும் கழற்றித் துரு எடுக்க வேண்டும். கண்காட்சியே இல்லாவிட்டாலும் கழற்றத்தான் வேண்டும். இல்லையென்றால் இன்னும் சில மழைக்காலத்தில் கடல் அதைத் தின்று முடித்துவிடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அலன் கீயை எடுத்து எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் வேறொன்றுமில்லை. அந்தத் திருகுகளைக் கடைசியாக இறுக்கியது அவர். அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். மூக்குக் கண்ணாடி இருக்கிறது, ஆனால் அதில் அவர் இல்லை. இந்த மூட்டுகளில் மட்டும் அவருடைய மணிக்கட்டின் பலம் அப்படியே நிற்கிறது. அவர் எவ்வளவு போதும் என்று நினைத்தாரோ அவ்வளவு. ஒருமுறை கழற்றினால் அது போய்விடும். பிறகு நான் இறுக்குவது என் இறுக்கமாகத்தான் இருக்கும். அதை நினைக்க எனக்குத் தாங்க முடியவில்லை. இன்னொருமுறை சுடலைக்குப் போய் அவருடைய எலும்பைப் பொறுக்கிக் காடாத்தப் போவது போல இருந்தது.

இதை மச்சாளிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"கறள் தின்னுறதை விட நீர் கழட்டுறது நல்லம்" என்றார். உள்ளே போய் ஒரு பீரிசோடு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அண்டைக்கும் நான்தான் பிடிச்சனான்."

கணுக்காலில் தொடங்கினேன். ஒவ்வொரு திருகும் கொஞ்சம் மறுத்து, பிறகு ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. அந்த மறுப்புத்தான் அவர். முழங்கால், இடுப்பு, முதுகு. திறக்கத் திறக்கச் சிவப்புத் தூள் கொட்டியது. குண்டுகள் கறுத்துப் புள்ளி விழுந்திருந்தன. இடுப்புத் திருகு விட்டபோது நான் அழுதுவிட்டேன். மச்சாள் பார்க்காத மாதிரிப் பீரிசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கழுத்து. தேய்ந்த திருகு என்றாரே, உடைந்துவிடும் என்றாரே என்று பயந்து பயந்து அலன் கீயை விட்டேன். அது சிக்கென்று போய் உட்கார்ந்தது. திருகு தேயவே இல்லை. மூலைகள் எல்லாம் புதிதாகவே இருந்தன. ஒரே திருப்பில் மென்மையாக விட்டது. தகடுகளைப் பிரித்தேன். குண்டு, பட்டறையிலிருந்து வந்த அன்று மின்னியதைப் போல மின்னியது. ஒரு புள்ளித் துரு இல்லை. சுற்றிலும் தேன் நிறத்தில் கெட்டியாகிப்போன எண்ணெய். தலையின் பின்புறம் மூடியிருந்த இடத்தில், தகட்டின் மேல், காய்ந்து ஒட்டிப்போன சந்தனம். அதன் நடுவில் கறுத்துப்போன குங்குமம்.

நான் அதை மச்சாளின் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "முகத்தில வைச்சா உம்மட பெயின்ற் பழுதாப்போகும் எண்டு, குனிய வைச்சுப் பின்கழுத்தில வைச்சனான்" என்றார்.

"இதை அவர் கழட்டேல்லை மச்சாள்."

"சொன்னவன். அண்டைக்குக் கழுத்துக்கு வரேக்க நான் குசினிக்குள்ள போய் அழுதுகொண்டிருந்தனான். தம்பி வந்து, 'அக்கா, உங்கட பொட்டை நான் தொடேல்லை, கழுத்தை விட்டிட்டன்' எண்டவன். நான் நம்பேல்லை. என்னை ஆத்திறதுக்குச் சொல்லுறான் எண்டு நினைச்சன். என்ர எண்ணெயாலதான் திருகு வீணாப்போச்சு, அதை மறைக்கிறான் எண்டு நினைச்சன்." பீரிசைத் தள்ளி வைத்துவிட்டு, "நீர் ஆக்களுக்கு முன்னால தேஞ்ச கழுத்து, தேஞ்ச கழுத்து எண்டேக்க..." என்றார்.

குசினிக்கு ஏன் போனார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, என் கணவர் மேல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர். என்னிடம் சொல்லியிருந்தால் நான் பாய்ந்து பாய்ந்து பொத்தானை அழுத்தியிருக்க மாட்டேனா? மாட்டேன்தான். பிடிவாதமாக இறுக்கச் சொல்லியிருப்பேன். அவருக்கு என்னை நன்றாகத் தெரியும். தன் திருகுகளில் இவ்வளவு கர்வம் வைத்திருந்தவர், அக்காவின் பொட்டுக்காக ஒரு மூட்டைக் கெட்டபடியே விட்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க அந்தப் பழியைத் தன் திருகின் மேல் போட்டிருக்கிறார். கோபம் போய், அவர் பக்கத்தில் இருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமே என்று இருந்தது.

"துடைச்சுப்போட்டு இறுக்கும்" என்றார் மச்சாள். "பாக்க வாற சனத்துக்கு முன்னால நிமிந்து நிக்கட்டும்."

நான் துடைக்கவில்லை. கழுத்தை இருந்தபடியே மூடி, திருகு முன்பு நின்ற இடத்துக்கே கொண்டுவந்து விட்டேன். மற்ற எல்லாவற்றையும் துரு போகத் தேய்த்து, உலர்த்தி, பூட்டினேன். இடுப்பை எவ்வளவு இறுக்குவது என்று என் மணிக்கட்டுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எப்படிப் பார்த்தார் என்று தெரியும். பூதத்தை ஒற்றைக் காலில் நிற்க வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் ரயிலுக்குக் காத்திருந்தோம்.

முதல் ரயிலுக்கு மடங்கி உட்கார்ந்துவிட்டது. இடுப்பை இறுக்கினேன். அடுத்ததற்கு முழங்கால் தளர்ந்தது. அதையும் இறுக்கினேன். வேலை முடிந்து வருகிற சனத்தோடு ஒரு ரயில் பாணந்துறைப் பக்கமாகப் போயிற்று. தரை நடுங்கியது, மேசை நடுங்கியது, பீரிசு கிலுகிலுத்தது. பூதம் ஒற்றைக் காலில் நின்றது. ரயில் சத்தம் தேய்ந்து போகப் போக, தலை மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது.

மச்சாள் எழுந்தார். வழக்கம்போலக் குசினிக்குத்தான் என்று நினைத்தேன். தையல் மெஷின் பக்கம் போய், லாச்சியைத் திறந்து, நீண்ட மூக்கு வைத்த அந்த எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கழுத்துக்கு மட்டும் ஒரு சொட்டு" என்றார். "கறள் பிடிக்கப்படாது."

குப்பியின் மூக்கைக் கிட்டக் கொண்டுவந்தார். நான் பூதத்தின் தலையை அவருக்குக் குனியப் பிடித்துக்கொண்டேன்.